2009 பிஎம்டபிள்யூ எம்3 செடான், 78,000 கிலோமீட்டர்: வாங்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வளைவுப்பாதை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பல வருடங்களாக மனத்தில் வைத்திருந்த காரை வாங்கும் நிலைக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன். பிஎம்டபிள்யூ எம்3, அந்தத் தலைமுறைச் செடானின் குறியீடு இ90. செடான் உடலில் இது 2008 முதல் 2011 வரைதான் வந்தது. நான்கு கதவுகள், பிள்ளைகள் உட்காரப் பின்னிருக்கை, பானெட்டுக்குள் டர்போ இல்லாத 4 லிட்டர் வி8. நிமிடத்துக்கு 8,300 சுற்றில் 420 குதிரைத்திறன். சாலைக் காருக்காக இப்படி ஓர் இன்ஜினை இனி யாரும் புதிதாக வடிவமைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் இந்த அவசரம்.

நேற்று ஒரு கார் பார்த்தேன். 2009 தயாரிப்பு, வெள்ளி நிறம், ஏழு கியர் டபுள் கிளட்ச், 78,000 கிலோமீட்டர். ஒரே உரிமையாளர் என்கிறார்கள். காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள், போனேன். கழுவித் துடைத்துப் புதுக் கார் போல நிறுத்தியிருந்தார்கள். இருக்கைத் தோலில் ஒரு கீறல்கூட இல்லை. பிரேக் பேட் புதிது. சாவியைப் போட்டு அழுத்தியவுடன் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பதினைந்து நிமிடம் ஓட்டினேன். 8,000 சுற்றைத் தொட்டபோது எழுந்த ஒலி இன்னும் காதில் நிற்கிறது.

சர்வீஸ் புத்தகத்தில் 2014 வரை முத்திரை இருக்கிறது. பிறகு 2018-க்குத் தாவிவிடுகிறது. நடுவில் கார் அதிகம் ஓடவில்லை என்றார்கள். எண்ணெய் குறைகிறதா என்று கேட்டேன், ஒரு சொட்டுகூட ஊற்றியதில்லை என்றார்கள். ஸ்கேனர் போட்டுக் காட்டினார்கள், ஒரு பிழைக் குறியீடும் இல்லை.

இந்த வாரம் முன்பணம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கொடுப்பதற்கு முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

எண்ணெய்க்கறை எழுதியது:

தம்பி, முன்பணத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நான் இந்த வகைக் கார்களைப் பட்டறையில் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். நீங்கள் எழுதியதில் நான்கு இடங்கள் என்னை உறுத்துகின்றன.

முதல் கேள்வி: நீங்கள் போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பார்த்தீர்களா? இரவு முழுதும் நின்ற இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். இந்த எம்3-இன் வி8-ஆன எஸ்65 இன்ஜின் தன்னைப் பற்றிச் சொல்வதில் பாதியைக் குளிர்ந்த நிலையில் பிடிக்கும் முதல் அரை நிமிடத்தில் சொல்லிவிடும். டைமிங் செயினின் சத்தம், சுற்று நிலைப்படும் விதம், புகைபோக்கியில் நீலப்புகை வருகிறதா என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் தெரியும். சூடாக்கி வைத்துவிட்டால் அத்தனையும் மறைந்துவிடும். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

இரண்டாவது, பிழைக் குறியீடு இல்லை என்பது. அழித்துவிட்டுக் காட்டினாலும் இல்லை என்றுதான் வரும். காரின் கணினியைப் படிக்கும் எந்தச் சாதாரண ஓபிடி ஸ்கேனரிலும் ரெடினஸ் மானிட்டர் என்று ஒரு பக்கம் இருக்கும். குறியீடுகளை அழித்தால் கார் தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்கும், முடியாதவை முடியவில்லை என்றே நிற்கும். அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் அதே கருவியில் படிக்கலாம். அந்த எண் மிகச் சிறியதாக இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். பேட்டரியைக் கழற்றியிருந்தாலும் மானிட்டர்கள் இப்படி நிற்கும். அப்படிச் சொன்னால் பேட்டரி ரசீதைக் கேளுங்கள். இந்தக் காரில் புதுப் பேட்டரி போட்டால் அதைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும், ஆகவே எங்கோ ஒரு பட்டறையில் கணக்கு இருக்கும்.

இன்னொன்று. பிஎம்டபிள்யூ-வின் பிழை நினைவகத்தில் ஒவ்வொரு பிழைக்கும் அது தோன்றிய கிலோமீட்டர் பதிவாகும். ஓடோமீட்டர் 78,000 என்று காட்டும் காரில் 1,10,000-ல் தோன்றிய பிழை கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். எண்ணைக் குறைத்தவர்கள் அந்த ஓரத்தை மறந்துவிட்டார்கள். காரின் சாவியிலும் கிலோமீட்டர் பதிவாகிறது. இரண்டு சாவிகளையும் கேளுங்கள்.

மூன்றாவது, ஒரு சொட்டு எண்ணெய்கூட ஊற்றியதில்லை என்ற பேச்சு. எஸ்65 கொஞ்சம் எண்ணெய் குடிக்கும். அது கோளாறு ஆகாது, அதன் சுபாவம். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி, அதாவது டிப்ஸ்டிக், கிடையாது, அளவை உள்ளே திரையில்தான் பார்க்க வேண்டும். முறையாக வைத்திருந்தவரின் டிக்கியில் பாதி காலியான 10டபிள்யூ-60 எண்ணெய் டப்பா ஒன்று துணியில் சுற்றிக் கிடக்கும். ஊற்றியதே இல்லை என்றால் அவர் திரையைப் பார்த்ததே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நான்காவது, அந்த நான்கு வருட இடைவெளி. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது.

ஆறுகியர் எழுதியது:

அண்ணன் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனாலும் 78,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய கார் இந்த வயதில் கிடைப்பது அரிது. குறைவாக ஓடியிருந்தால் தேய்மானமும் குறைவுதானே? இடைவெளியில் கார் நின்றிருந்தால் சர்வீஸ் இல்லாதது இயல்பு. நான் வாங்கியபோதும் கிலோமீட்டரைத்தான் முதலில் பார்த்தேன், வருத்தப்பட்டதில்லை. கடைசியில் விற்கும்போதும் அந்த எண்தான் விலை பேசும்.

எண்ணெய்க்கறை எழுதியது:

நின்ற கார் தேயாது என்று நினைப்பது தவறு தம்பி. ஈரம் இழுத்த பிரேக் திரவம், காய்ந்து வெடித்த ரப்பர் புஷ், கெட்டியான சீல், ஒரே இடத்தில் தட்டையான டயர், அமிலமேறிய பழைய எண்ணெய், எல்லாம் நின்ற காரின் சொத்து. எண்ணெய் மாற்றத்துக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வருடமும் கணக்கு.

இனி ராட் பேரிங் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கிராங்க் ஷாஃப்டையும் கனெக்டிங் ராடையும் சேர்க்கும் இடத்தில் ஒவ்வொரு ராடுக்கும் இரண்டு பாதி ஓடுகள், மொத்தம் பதினாறு. உலோகத்தின் மேல் உலோகம் படாமல் இடையில் எண்ணெய்ப் படலம் ஒன்று தாங்கி நிற்கிறது. எஸ்65-ல் அந்த இடைவெளி மிகவும் குறுகலானது, எண்ணெயோ குளிரில் மிகவும் தடித்தது. இன்ஜின் கட்டுபவர்களில் பலர் தேய்மானத்துக்கு இந்த இரண்டும் சேர்வதையே காரணமாகச் சொல்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினை மேல் சுற்றுக்கு விரட்டியவரின் காரில் ஓடுகள் முதலில் போகும்.

இந்தக் காரின் டாக்கோமீட்டரில், அதாவது இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டரில், ஓர் ஏற்பாடு உண்டு. குளிர்ந்திருக்கும்போது எச்சரிக்கை விளக்குகள் கீழ்ச் சுற்றிலிருந்தே மஞ்சளாக எரியும். எண்ணெய் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணைந்து எல்லை மேலே போகும். விற்பவர் காரைக் கிளப்பும் முதல் ஐந்து நிமிடங்களில் அந்த விளக்குகளுக்கு அடங்கி ஓட்டுகிறாரா என்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். இத்தனை வருடம் எப்படி ஓட்டினார் என்பது தெரிந்துவிடும்.

பேரிங் தேய்ந்தால் சத்தம் கேட்குமே என்பார்கள். சத்தம் கேட்கும்போது காலம் கடந்திருக்கும். அதற்கு முன் அறிய இரண்டு வழிகள். எண்ணெய் மாற்றும்போது ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்து வெயிலில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. பழைய எண்ணெயைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி ஈயமும் செம்பும் எவ்வளவு என்று பார்ப்பது இன்னொன்று. முந்தைய வருட ஓடுகள் ஈயமும் செம்பும் கலந்தவை. உற்பத்தியின் பிற்பகுதியில் அலுமினியம், தகரம் கலந்த ஓடுகளுக்கு மாறினார்கள், அவற்றில் செம்பைத் தேடிப் பயனில்லை. நீங்கள் பார்த்தது 2009 என்பதால் செம்பு பேசும்.

நேர்கோடு எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. பேரிங் பயம் அளவுக்கு மீறிப் பரவிவிட்டது என்பது என் எண்ணம். நான் இதே இன்ஜினை எண்பதாயிரத்திலிருந்து ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வரை ஓட்டியிருக்கிறேன். ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்திலும் பரிசோதித்தேன், எண்கள் ஏறவே இல்லை. உடைந்த இன்ஜின்காரர் எழுதுவார், நன்றாக ஓடுகிறவர் எழுத மாட்டார். அதனால் படிப்பவருக்கு எல்லா எஸ்65-உம் வெடிக்கப்போவது போலத் தோன்றுகிறது. எட்டு ராடையும் திறந்து மூடுவது பெரிய வேலை, அதைச் சரியாகச் செய்யாத கைகளில் நல்ல இன்ஜினும் கெடும்.

எண்ணெய்க்கறை எழுதியது:

நேர்கோடு சொல்வதில் கடைசி வரியை முழுதாக ஏற்கிறேன். சப்ஃபிரேமை இறக்கி, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, கீழிருந்து செய்யும் வேலை அது. இன்ஜினை வெளியே எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ராட் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது, எல்லாம் புதிதாக வேண்டும், முறுக்கும் அளவு துல்லியமாக வேண்டும். பயம் அதிகமா குறைவா என்ற விவாதத்தில் என் நிலை எளிது: கெட்டால் போவது இன்ஜின் முழுதும். அத்தனை பெரிய இழப்புக்கு எதிரே நான் வருமுன் காப்பதையே சொல்வேன்.

இரவுப்பயணி எழுதியது:

வளைவுப்பாதை, இதே வகையில் மெர்சிடிஸ் சி63 ஏஎம்ஜி-யையும் பாருங்கள். டபிள்யூ204 தலைமுறை. நான் நான்கு வருடங்களாக வைத்திருக்கிறேன். 6,208 கன செ.மீ. வி8, 457 குதிரைத்திறன், 600 நியூட்டன் மீட்டர். உங்கள் எம்3-க்கு 400 மட்டுமே. அன்றாடம் ஓட்டும்போது இந்த வித்தியாசம் ஒவ்வொரு சிக்னலிலும் தெரியும். எம்3-ஐ விரட்டினால்தான் உயிர் வரும், இது காலை வைத்தவுடன் இழுக்கும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இதன் எம்156 இன்ஜினில் ஆரம்ப வருடங்களில் சிலிண்டர் ஹெட் போல்ட்டுகள் அரித்து உடைந்தன. கூலன்ட் குறைந்துகொண்டே போனால், வெளியே ஒழுக்கும் தெரியாவிட்டால், உடனே சந்தேகப்படுங்கள். கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கினால் இன்ஜினே போய்விடும். கேம் ஷாஃப்டும் டாப்பெட்டும் தேய்வதும் உண்டு. நான் வாங்கும்போது போல்ட் மாற்றிய ரசீது இருந்ததால்தான் துணிந்தேன். ரசீது இல்லாத இன்னொன்று எனதைவிட அழகாக இருந்தது, விட்டுவிட்டேன். இப்போதும் அந்தச் சிவப்பு நிறம் நினைவுக்கு வரும், ஆனாலும் வருத்தமில்லை.

நான்குவளையம் எழுதியது:

ஆடி ஆர்எஸ்4-ஐ, பி7 தலைமுறையை, யாரும் சொல்லவில்லையே. அதுவும் 4.2 லிட்டர் வி8, 420 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. மழையில் இவ்வளவு நம்பிக்கை தரும் காரை நான் ஓட்டியதில்லை. பார்க்க வேண்டியவை இரண்டு. பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வுகளைக் கழுவ எதுவும் இல்லை, கரி படிந்து சக்தி குறையும். அடுத்தது டிஆர்சி எனப்படும் சஸ்பென்ஷன் டேம்பர்கள். மூலைவிட்டமாகக் குழாய்களால் இணைத்திருப்பார்கள், ஒழுகினால் கார் திருப்பத்தில் தளர்ந்துபோகும். டேம்பர் உடலை விரலால் தடவிப் பாருங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் விலையைக் குறையுங்கள்.

வளைவுப்பாதை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பயணி, நான்குவளையம், உங்கள் இருவரின் கார்களையும் மதிக்கிறேன், ஆனால் என் மனம் அந்த 8,300 சுற்றில் மாட்டிக்கொண்டுவிட்டது.

இன்று மறுபடி போய் வந்தேன். ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லியிருந்தேன். காலை ஆறே முக்காலுக்கே போய் முதலில் பானெட்டில் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்தில் நின்ற வேறொரு காரின் பானெட்டையும் தொட்டுப் பார்த்தேன், அது பனியில் குளிர்ந்திருந்தது. எதுவும் கேட்காமல் என் ஸ்கேனரைப் போட்டேன். குறியீடுகளை அழித்த பிறகு ஓடியது 19 கிலோமீட்டர். மானிட்டர்களில் பாதி முடியவில்லை. பேட்டரி மாற்றினோம் என்றார்கள். ரசீது கேட்டேன், தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

நெடுஞ்சாலையில் சற்று நீண்ட தூரம் ஓட்டலாமா என்றேன். தயங்கித் தயங்கிச் சம்மதித்தார்கள். முப்பது கிலோமீட்டர் தாண்டி ஓர் ஏற்றத்தில் காலை அழுத்தியபோது டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது, சக்தி பாதியாக இறங்கியது. ஓரம் கட்டி ஸ்கேனரில் படித்தால், இன்ஜினுக்குக் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஆக்சுவேட்டரில் பிழை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒன்றும் பேசவில்லை. அவருக்கு இது புதிதல்ல என்று முகத்திலேயே தெரிந்தது.

சாவி ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று தொலைந்துவிட்டதாம்.

ஆறுகியர் எழுதியது:

ஆக்சுவேட்டர் இந்த இன்ஜினில் எல்லோரும் அறிந்த கோளாறு. எட்டு த்ராட்டில்களுக்கு இரண்டு ஆக்சுவேட்டர்கள், உள்ளே பல்சக்கரம் தேய்ந்துவிடும். மாற்றிவிடலாம், அதற்காகவே காரை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் தெரிந்தே மறைத்தார்கள் என்பது வேறு விஷயம். கிலோமீட்டரைப் பார்த்து வாங்குங்கள் என்று முதலில் எழுதியவன் நான். இந்தக் காருக்கு அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 19 கிலோமீட்டருக்கு முன் எதை அழித்தார்கள் என்று தெரியாமல் 78,000-ஐ எப்படி நம்புவது?

நேர்கோடு எழுதியது:

விட்டுவிடுங்கள். பேரிங் விஷயத்தில் நான் தைரியம் சொன்னது பரிசோதனை அறிக்கையோடு வரும் காருக்கு. இங்கே அறிக்கையும் இல்லை, வார்த்தையும் சுத்தமில்லை.

வளைவுப்பாதை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இன்னொரு கார் பார்த்தேன்.

2008 தயாரிப்பு, கருநீலம், ஆறு கியர் மேனுவல், 1,34,000 கிலோமீட்டர். படத்தில் பார்த்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். முன் பம்பர் முழுதும் கல்லடி. ஓட்டுநர் இருக்கையின் வெளிப்பக்கத் தோல் ஏறி இறங்கித் தேய்ந்து வெளுத்திருக்கிறது. உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய கணவர் வாங்கியது, அவர் மறைந்த பிறகு இவரே ஓட்டிவந்திருக்கிறார்.

நான் கேட்காமலே ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருந்தார். பானெட் சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும் முன் "கண்ணா, முதலில் கேளுங்கள், பிறகு பேசலாம்" என்றார். ஆயிரத்துச் சொச்சம் சுற்றில் உறுமி, அரை நிமிடத்தில் தணிந்து நிலைப்பட்டது. புகை இல்லை. பெயின்ட் கனத்தை மீட்டரால் அளந்தேன். எல்லாத் தகடுகளிலும் 110 முதல் 140 மைக்ரான், இடது பின் கதவில் மட்டும் 260. கேட்பதற்கு முன் அவரே, வாகன நிறுத்தத்தில் ஒருவர் இடித்ததையும் அந்தக் கதவுக்கு மட்டும் பெயின்ட் அடித்ததையும் சொன்னார்.

டயர்கள் நான்கும் ஒரே தயாரிப்பு, பக்கவாட்டு எண்ணில் வாரமும் வருடமும் ஒன்றே. டிக்கியில் எண்ணெய் டப்பா இருந்தது, எண்ணெய்க்கறை ஐயா சொன்னது போலவே, பழைய துண்டில் சுற்றி. டப்பாவின் மேல் பேனாவால் தேதிகளும் கிலோமீட்டர்களும் எழுதியிருந்தார்.

ரசீதுக் கோப்பில் 2,000 கிலோமீட்டரில் செய்ய வேண்டிய முதல் சர்வீஸ்கூட இருக்கிறது, இன்ஜின் எண்ணெயும் டிஃபரன்ஷியல் எண்ணெயும் மாற்றியதாக. 1,02,000-ல் ராட் பேரிங் மாற்றிய ரசீது. ஒரு ஆக்சுவேட்டர் மாற்றியாகிவிட்டது, இன்னொன்று பழையது. பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். கழற்றிய பதினாறு ஓடுகளும் எட்டுச் சிறு பைகளில், ஒவ்வொரு பைமேலும் சிலிண்டர் எண். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கீழ்ப் பாதிகள் பெரும்பாலும் மங்கிய சாம்பல் நிறத்திலேயே இருக்கின்றன. மேல் பாதிகளில் சாம்பல் தேய்ந்து நடுவில் செம்பு நிறம் எட்டிப் பார்க்கிறது, மூன்றாம் எண்ணில் விரல் நகத்தின் அகலத்துக்கு. நகத்தால் தடவினால் கோடு தட்டுகிறது.

ஐயா, இதை எப்படி எடுத்துக்கொள்வது? இதைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா, நிம்மதி அடைய வேண்டுமா?

எண்ணெய்க்கறை எழுதியது:

நிம்மதி அடையுங்கள். நீங்கள் சொல்லும் தேய்மானம் இந்த இன்ஜினில் நான் பார்த்துப் பழகியதுதான். எரிப்பின் அழுத்தம் மேல் பாதியில்தான் விழுகிறது, அங்கே செம்பு தெரிவது அதனால். சரியான நேரத்தில் திறந்திருக்கிறார்கள். இன்னும் முப்பதாயிரம் போயிருந்தால் அந்த மூன்றாம் எண் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பேரிங் மாற்றியபோது கிராங்க் ஜர்னலை, அதாவது ஓடுகள் கவ்வும் கிராங்க் ஷாஃப்டின் பகுதியை, அளந்தார்களா, போல்ட்டுகள் புதியவையா? ரசீதில் போல்ட்டுகள் தனி வரியாக இருக்க வேண்டும். இருந்தால் அந்தப் பட்டறை வேலை தெரிந்த பட்டறை. காரை லிஃப்டில் ஏற்றி டிஃபரன்ஷியல் சீல், பின் புஷ்கள், பிரேக் டிஸ்க்கின் கனம் பாருங்கள். குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மேனுவல் என்பதால் கிளட்ச்சையும் சோதியுங்கள்: உயர்ந்த கியரில் தாழ்ந்த சுற்றிலிருந்து முழுதாக அழுத்துங்கள், சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

மீதமுள்ள ஆக்சுவேட்டரைச் செலவுக் கணக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பவர்களால்தான் இந்தக் கார்கள் சீரழிகின்றன.

இரவுப்பயணி எழுதியது:

டப்பாவின் மேல் தேதி எழுதி வைக்கும் ஒருவரிடமிருந்து கார் வாங்குவது எவ்வளவு பெரிய வாய்ப்பு! கல்லடிக்காக அவரிடம் பேரம் பேசாதீர்கள்.

வளைவுப்பாதை எழுதியது:

பேசவில்லை. கேட்ட விலையில் பழைய ஆக்சுவேட்டருக்கு உரியதை மட்டும் அவராகவே கழித்துக்கொண்டார்.

ரசீதில் பதினாறு ராட் போல்ட்டுகள் தனி வரியாக இருந்தன, ஜர்னல் அளவுகள் எட்டும் பின்பக்கத்தில் கையால் எழுதியிருந்தன. லிஃப்டில் ஏற்றியதில் டிஃபரன்ஷியல் சீலில் லேசான கசிவு, பின் புஷ் இரண்டு வெடிப்பு. இரண்டையும் அடுத்த மாதம் ஆக்சுவேட்டரோடு சேர்த்துச் செய்யப்போகிறேன். கிளட்ச் வழுக்கவில்லை.

இன்று காலை வீட்டிலிருந்து தனியாகக் கிளப்பினேன். டாக்கோமீட்டரில் மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிந்தன. மூன்றாம் கியரில் 3,000-ஐத் தாண்டாமல் போய்க்கொண்டிருந்தேன். முதல் விளக்கு அணைய நான்கு நிமிடம் ஆயிற்று, கடைசி விளக்கு அணையப் பதினொரு நிமிடம். அதன் பிறகுதான் காலை அழுத்தினேன்.

பிஸ்கட் டப்பாவையும் கொடுத்துவிட்டார். ஓடுகளின் படங்களை இன்று மாலை இங்கே போடுகிறேன்.